பத்து வருசக் கணக்கு

2010 மார்கழியில் அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே புகழைத்தான் சொன்னார்கள். "ஒரு குளிசை போடாத மனுசன்." "ஆஸ்பத்திரிப் படலை தெரியாத உடம்பு." வட்டக்கச்சியில் எங்கள் காணிக்குத் திரும்பி வந்து எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மேலே தகரமும் சுற்றிவரத் தறப்பாளுமாக நின்ற கொட்டிலுக்கு முன்னால், வாங்குகளில் இருந்தவர்கள் வெத்திலைத் தட்டத்தைக் கைமாற்றிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லி எங்களைத் தேற்றினார்கள். எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

செல்லுக்கும் ரவைக்கும் தப்பி வந்தவர் அப்பா. அறுபத்திரண்டு வயது. காலபோக வயலுக்குத் தண்ணி கட்டிவிட்டு வந்து கிணற்றடியில் கால் கழுவும்போது ஒரு பக்கம் இழுத்து விழுந்தார். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டொக்டர். "பிறசர் எவ்வளவு காலமா இருந்தது?" என்று எங்களைக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தா. நான் அண்ணையைப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியாது. அப்பாவின் கையில் ஒருநாளும் யாரும் பட்டி கட்டிப் பிறசர் பார்த்ததில்லை.

பார்த்திருக்கக்கூடிய ஒரு நாள் இருந்தது. அதை நான் அப்போது யாருக்கும் சொல்லவில்லை.

2009 ஆவணி. செட்டிகுளம் மெனிக் பாம். இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான சனத்தை வலயம் வலயமாகப் பிரித்துக் கம்பிவேலிக்குள் வைத்திருந்த காலம். தண்ணிக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. ஒருநாள் எங்கள் கூடாரங்களுக்குப் பக்கத்தில் நடமாடும் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். அம்மாவின் காலில் ஆறாமல் கிடந்த புண்ணுக்கு மருந்து கட்டப் போனோம். ஒரு மேசையில் வயதானவர்களை இருத்திப் பிறசர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு மருந்து கட்டி முடியும்வரை நிழலுக்கு ஒதுங்கத்தான் அப்பா அந்த வரிசையில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நாலு பேர். அந்த நேரம் பார்த்துத் தண்ணிப் பவுசர் வந்தது. நான் ஓடிப்போய், "அப்பா, பவுசர் வந்திட்டுது, கான் தூக்க ஆளில்லை, வாங்கோ" என்று கூப்பிட்டேன். வரிசையை விட்டுவிட்டு வந்தார். இரண்டு கான் தண்ணி பிடித்தோம்.

தண்ணி இல்லாமல் அந்த நாள் போகாது. பிறசர் பார்க்காமல் எத்தனையோ நாள் போகும். அன்றைக்கு எனக்கு இருந்த கணக்கு அவ்வளவுதான். இன்றைக்கும் எங்கள் ஊரில் கிளினிக் நாளில் வயலுக்குப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும்.

வருத்தமில்லாத உடம்பைச் சோதிப்பது வன்னிக்குப் புதிய பழக்கம் இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலேரியாக்காரர் வீட்டுக்கு வருவார். சைக்கிள் கரியரில் ஒரு பெட்டி, அதற்குள் கண்ணாடித் துண்டுகள், பஞ்சு, ஸ்பிரிற் போத்தல், ஊசி. காய்ச்சல்காரரை மட்டும் அவர் தேடுவதில்லை. திண்ணையில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்த எங்களையும் பிடித்து, நடுவிரலைக் குத்தி, ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்துக் காயவிட்டு, பென்சிலால் பெயர் எழுதிக்கொண்டு போவார். "எனக்குக் காய்ச்சல் இல்லையே" என்று நான் அழுதிருக்கிறேன். "காய்ச்சல் வரமுந்தியே கண்டுபிடிக்கத்தானே மோனை வாறன்" என்பார். வேறொரு நாள் மருந்தடிக்கிறவர்கள் வந்து சுவரெல்லாம் மலத்தியன் அடித்துவிட்டுப் போவார்கள். அன்றைக்குச் சோறு முற்றத்தில் சமைப்போம்.

பின்னாளில் ஆசிரியராகி, சுகாதாரப் பாடம் படிப்பிக்க வேண்டி வந்தபோதுதான் அந்தக் கண்ணாடித் துண்டின் வரலாறு எனக்குத் தெரிந்தது. 1963இல் இலங்கை முழுவதற்கும் மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். முடிந்துவிட்டது என்று கை தளர்ந்தது. ஆறே ஆண்டுகளில், 1969இல், அந்தத் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. தொண்ணூறுகளில் வன்னியில் மலேரியா வராத வீடு குறைவு. மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம் வேறு. குளோரோகுயின் குளிசையின் கைப்பு என் வயதுக்காரர் எல்லாருடைய நாக்கிலும் இன்னும் இருக்கும். ஆனாலும் போருக்குள்ளும் இரத்தம் குத்திப் பார்க்கிற வேலையை விடாமல் செய்தார்கள். நாட்டுக்குள் தொற்றிய கடைசி மலேரியா 2012இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2016 புரட்டாதியில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. எங்கள் திண்ணையில் அழுத பிள்ளைகளின் விரல்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று வகுப்பில் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

மலேரியாக்காரர் வீட்டுக்கு வந்தார். பிறசருக்கும் சீனிக்கும் நாங்கள் போக வேண்டும். பெரிய வித்தியாசம் அதுதான்.

எங்களைப் போக வைத்தவர் மிட்வைப் மிஸ். குடும்பநல உத்தியோகத்தர் என்பது அரச பெயர். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இந்த நாட்டின் மூலை முடுக்கெல்லாம் வந்து சேர்ந்ததன் அடையாளம் அவர்தான். கர்ப்பிணி உள்ள வீடு, கைப்பிள்ளை உள்ள வீடு என்று ஸ்கூட்டியில் கிறவல் ஒழுங்கை எல்லாம் திரிவார். 2014 மாசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையை நிறுத்துப் பார்க்க வந்தவர், வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, உங்களுக்கு நாப்பது ஆகுதெல்லே? செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வாங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. விடிய ஒண்டும் சாப்பிடாமல் வரவேணும். தேத்தண்ணியும் வேண்டாம், வெறும் தண்ணி குடிக்கலாம்."

"என்ன கிளினிக் மிஸ்?"

"வருத்தம் இல்லாதவைக்கு."

ஆரோக்கிய வாழ்வு நிலையம் என்று பலகையில் எழுதியிருந்தது. நாட்டில் 2011இல் தொடங்கியது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களைக் கூப்பிட்டு, உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு, பிறசர், வெறும் வயிற்றுச் சீனி எல்லாம் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி ரோச் அடித்து, பெண்களுக்கு மார்பையும் சோதித்து அனுப்புகிற இடம். பின்னர் வயதெல்லையை முப்பத்தைந்துக்கு இறக்கினார்கள். எல்லாம் இலவசம்.

அம்மா வர மாட்டேன் என்றா. சோம்பலோ பயமோ காரணம் இல்லை. "வருத்தக்காரர் நிக்கிற இடத்தில வருத்தம் இல்லாத நான் போய் நிண்டா, அவையின்ரை இடத்தையெல்லோ பிள்ளை நான் பிடிக்கிறன்?" என்றா. அம்மாவின் மனதில் ஆஸ்பத்திரி என்றால் 2009 மாத்தளன். பள்ளிக்கூடக் கட்டடத்திலும் மரங்களுக்குக் கீழும் காயப்பட்டவர்கள் வரிசையாகக் கிடந்த இடம். அங்கே காற்புண்ணோடு போய், கிடந்தவர்களைப் பார்த்துவிட்டு, மருந்து கட்டாமலே திரும்பி வந்தவ அம்மா. அந்தப் புண்தான் மெனிக் பாம்வரை ஆறாமல் வந்தது. சுகமாக நடமாடுகிற ஒருவர் டொக்டரின் நேரத்தைக் கேட்பது அவவுக்குப் பாவம்.

நான் மிட்வைப் மிஸ்ஸிடம் போய் இதைச் சொன்னேன். அவர் அடுத்த நாளே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். "அம்மா, செவ்வாய்க்கிழமை அங்க வருத்தக்காரர் ஒருத்தரும் வராயினம். அது வேற நாள். நீங்கள் வராட்டி அந்தக் கதிரை சும்மாதான் கிடக்கும்" என்றார். அதற்குப் பிறகுதான் அம்மா சீலை எடுத்து வைத்தா.

விடியற்காலை பஸ்ஸில் போனோம். இருபது பேரளவில் வந்திருந்தார்கள். அதில் ஆண்கள் மூன்று பேர். பின்னர் நான் போன எந்த நாளிலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. வன்னியில் ஆண்களுக்குக் கிளினிக் நேரம் என்பது வயல் நேரம், கடல் நேரம், மேசன் வேலை நேரம். காலை எட்டு மணிக்குச் சாப்பிடாமல் வந்து வரிசையில் இரு என்று கூலிக்குப் போகிறவனிடம் கேட்பது ஒருநாள் சம்பளத்தைக் கேட்பது. ஒரு சில ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையடியிலும் மீன் வாடியிலும் போய் இருந்து பார்த்தால் என்ன என்று அன்றிலிருந்து நினைக்கிறேன்.

என்னுடைய பிறசர் 148க்கு 94. எனக்கு நம்ப முடியவில்லை. தலையிடி இல்லை, தலைசுற்று இல்லை. "அதுதான் அக்கா இதின்ரை குணம்" என்றா தாதி. 140க்கு 90ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும், ஆனால் ஒரு தடவை பார்த்து முடிவு சொல்லக்கூடாது, இரண்டு கிழமையில் திரும்ப வாருங்கள் என்று எழுதித் தந்தார்கள். அம்மாவுக்கு 170க்கு 100. வெறும் வயிற்றுச் சீனி 186. நூற்றிருபத்தாறு என்றாலே நீரிழிவு.

டொக்டர் இளம்பிள்ளை. அம்மாவை முன்னால் இருத்தி, மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த ஒரு அட்டையைக் காட்டினா. சின்னச் சின்னப் பெட்டிகள். பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, கடும் சிவப்பு. ஆணா பெண்ணா, சீனி இருக்கிறதா இல்லையா, புகைக்கிறவரா, வயது எத்தனை, பிறசரின் மேல் இலக்கம் எத்தனை என்று பார்த்து விரலை நகர்த்திக்கொண்டு போனால் ஒரு பெட்டியில் வந்து நிற்கும். அம்மாவின் விரல் செம்மஞ்சளில் நின்றது.

"இது என்ன சொல்லுதெண்டா அம்மா, உங்களைப் போல நூறு பேரை எடுத்தா, வாற பத்து வருசத்துக்குள்ள இருவதிலயிருந்து முப்பது பேருக்கு மாரடைப்போ பாரிசவாதமோ வரலாம்."

அம்மா அட்டையை விட்டுவிட்டு டொக்டரின் முகத்தைப் பார்த்தா. "பத்து வருசமோ பிள்ளை?"

"ஓமம்மா."

"பத்து வருசத்துக்கு ஆர் பிள்ளை கணக்குப் பாக்கிறது?"

டொக்டர் சிரிக்கவில்லை. அட்டையில் இருந்த விரலை எடுக்கவும் இல்லை. அந்தப் பிள்ளையும் எங்கள் பக்கத்துப் பிள்ளைதான் என்று எனக்கு அப்போது பட்டது. வட்டக்கச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று நாங்கள் நகர்ந்த மாதங்களில் எங்களிடம் இருந்த கணக்கு விடியும்வரைக்குமானது. பங்கருக்குள் இருந்துகொண்டு, விடிந்தால் அரிசி இருக்கிறதா என்று யோசிப்போம். அதற்கு அங்கால் யோசித்தால் மனம் தாங்காது. அப்படிப் பழகிய மனதுக்கு முன்னால் ஒருவர் வந்து, 2024ஆம் ஆண்டு நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று பேசுகிறார். அந்தக் கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டதே இல்லை. கேட்கிற அளவுக்கு ஒருவர் எங்கள் உயிரை நீளமாக நினைக்கிறார் என்பது எனக்கு அழுகையைத் தந்தது.

ஆனால் அம்மா சொன்னது முழு உண்மையும் இல்லை. மீள்குடியேறி வந்த முதல் மாரியிலேயே ஒன்பது தென்னம்பிள்ளை வாங்கி வைத்தவ அவ. அப்போது எங்களுக்குச் சுவர்கூட இல்லை. 1996இலும் நட்டுவிட்டு ஓடினோம், பிறகு திரும்பி வந்தும் நட்டோம், அதையும் விட்டுவிட்டு ஓடினோம். தென்னை காய்க்க ஆறேழு வருசம் வேண்டும் என்பது அவவுக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது இதைச் சொன்னேன். யன்னலுக்கு வெளியே இரணைமடு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே வந்தா. வீட்டுக்கு வந்ததும் டொக்டர் தந்த குளிசைப் பையைச் சாமித்தட்டுக்குக் கீழே வைத்தா.

அதற்குப் பிறகு மாதாமாதம் கிளினிக். பாணும் சீனித் தேத்தண்ணியும் போய்க் குரக்கன் புட்டு வந்தது. கருவாட்டை விட வைக்கத்தான் ஒரு வருசம் போனது. 2022இல் நாட்டில் மருந்தும் பெற்றோலும் இல்லாமல் போனபோது, எனக்குச் சொல்லாமல் குளிசையைப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறா. "ஒருத்தருக்கும் இல்லாத நேரத்தில எனக்கெதுக்கு முழுசு?" என்றா. பழைய மாத்தளன் நியாயம் திரும்பி வந்துவிட்டது. பரந்தன், கிளிநொச்சி என்று நாலு மருந்துக்கடை ஏறி இறங்கி வாங்கி வந்தேன். டொக்டரின் விரல் நின்ற அந்தப் பத்து வருசம் 2024 மாசியில் முடிந்தது. அம்மா இருக்கிறா. தென்னைகளில் ஏழு காய்க்கின்றன.

சின்னம்மாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அவ முள்ளியவளை. 2009 சித்திரையில் தவறிப்போன மகனுக்காகக் காத்திருந்தவ. அவவின் வாயில் எப்போதும் வெத்திலை இருக்கும். முன்பு சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும்தான். மகன் போன பிறகு இரவிலும் தொடங்கியது. கன்னத்துக்குள் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையுமாக அடக்கிக்கொண்டு படுப்பா. "வாய்க்குள்ள ஏதாவது கிடந்தாத்தான் பிள்ளை கண் மூடுது" என்று எனக்குச் சொல்லியிருக்கிறா. வெத்திலை கூடாது என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் நான் கேட்க விரும்புவது, அந்த இரவுக்கு வேறு என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்பதைத்தான்.

2015 ஐப்பசியில் அவவின் பக்கத்திலும் இதே மாதிரி ஒரு கிளினிக். வாயைத் திறந்து ரோச் அடித்த டொக்டர், இடது கன்னத்தின் உட்பக்கம் வெண்திட்டு ஒன்றைக் கண்டு, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். நோவில்லை, புண் இல்லை. வெறும் வெள்ளை. சின்னம்மா துண்டை வற்றாப்பளை அம்மன் படச் சட்டத்தின் பின்னால் செருகி வைத்தா. யாழ்ப்பாணம் போனால் ஒரு இரவு தங்க வேண்டி வரலாம். அந்த இரவில் மகன் வந்து படலையைத் தட்டினால்?

வாய்ப்புற்றுநோய் இலங்கை ஆண்களில் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய். வெத்திலை போடுகிற பெண்களையும் அது விடுவதில்லை. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. நல்ல விசயம் என்னவென்றால், கதிர்ப்படம் எதுவும் இல்லாமல் வெறும் கண்ணாலேயே முன்கூட்டிக் காணக்கூடிய புற்றுநோய் இது. திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வொன்றில், பயிற்றப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாய்களைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் வெளியிட்டார்கள். அதற்கும் முன்னமே இலங்கையில் எங்கள் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு செய்த ஆய்வு 1984இல் வெளிவந்திருக்கிறது. அவர்களாலும் திட்டுகளைக் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் பெரிய இடத்துக்குப் போகும்படி அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் போனார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு அம்மன் படச் சட்டம்தான் கண்ணுக்குள் வந்தது.

2016 வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனோம். சின்னம்மா பொங்கலை விரலால் மசித்து வாயோரத்தால் தள்ளினா. வாய் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் துண்டைப் பற்றிச் சொன்னா. ஏழு மாதம். அடுத்த கிழமை நானே கூட்டிக்கொண்டு போனேன். அண்ணையின் மகனை அந்த வீட்டில் படுக்க வைத்துவிட்டுத்தான் புறப்பட்டோம், படலையைத் தட்டினால் திறக்க. இந்த ஏற்பாட்டை ஐப்பசியில் யாராவது செய்திருந்தால் போதும். துண்டு எழுதுவதோடு முடிகிற வேலை இல்லை இது. அதை எழுதும்போதே, "உங்களுக்குப் போக என்ன தடை அம்மா?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

வெட்டி எடுத்தார்கள். பிறகு தெல்லிப்பழையில் கதிர்ச் சிகிச்சை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து காசு சேர்த்துக் கட்டியெழுப்பிய புற்றுநோய் ஆஸ்பத்திரி அது. முன்பென்றால் மகரகமைக்குப் போக வேண்டும். மொழியும் தெரியாத ஊருக்கு அவ போயிருக்கவே மாட்டா. நாலு வருசம் இருந்தா. கதைத்தால் எங்களுக்கு மட்டும் விளங்கும். 2017இல் காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் தெருவோரம் கொட்டில் போட்டு இருந்தபோது, கழுத்தில் மகனின் படத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு போய் இருந்தா. மைக்கைப் பிடிக்க அவவால் முடியவில்லை.

பெண்களுக்கென்று இன்னொரு கிளினிக் இருக்கிறது. சுகவனிதையர் கிளினிக் என்பார்கள். 1996இலிருந்து நாட்டில் நடக்கிறது. முப்பத்தைந்து வயதில் ஒருமுறை, பின்னர் நாற்பத்தைந்திலும், கருப்பைக் கழுத்தில் பப் சோதனை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கு முப்பத்தைந்து ஆனது 2009இல். அதனால் நாற்பதில் போனேன். கால் மடக்கிப் படுக்கும்போது உடம்பு முழுக்கக் கூசியது. இரண்டு மூன்று நிமிடம், நோவு என்று சொல்ல முடியாது. எடுத்த கண்ணாடித் துண்டின் முடிவு வரவேயில்லை. எங்கோ தவறிவிட்டது. நாலு மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள். நான் படித்தவள், போனேன். என்னோடு முதல்முறை வந்த ஐந்து பெண்களில் இரண்டாம் முறை வந்தது ஒருவர்தான். அந்த மூன்று நிமிடக் கூச்சத்தை ஒரு பெண் வாழ்நாளில் ஒருமுறைதான் விழுங்குவாள். அதைத் தவறவிடக்கூடாது. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் தாதிமாரே வினாகிரி போன்ற அசற்றிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்து, ஒரே ஒரு சுற்றுச் சோதனையிலேயே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சாவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்ததாக 2007இல் எழுதியிருக்கிறார்கள். விடை அந்த இடத்திலேயே கிடைத்துவிடும் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

2018இல் என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி வந்தது. நாடு முழுவதும் அதற்கு முந்தைய வருடம் தொடங்கியது, ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. சம்மதக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். மூன்று தாய்மார் கடிதத்தோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்கள். "ரீச்சர், இது பிள்ளை பிறக்காமல் பண்ணுற ஊசியோ?" 2013இல் எங்கள் மாவட்டத்தின் சில கிராமங்களில் கட்டாயக் கருத்தடை பற்றிய முறைப்பாடுகள் எழுந்ததை யாரும் மறக்கவில்லை. அவர்களை அறியாமைக்காரர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தோம். என் சொந்த மகளுக்கும் போடுவேன் என்று சொன்னேன். இரண்டு பேர் கையெழுத்து வைத்தார்கள். மூன்றாமவர் இரண்டாவது ஊசி நேரத்தில் வந்தார்.

அண்ணை கலியாணம் செய்து செட்டிகுளம் பக்கம் போய்விட்டார். அதே மண்தான், மெனிக் பாம் கலைந்த பிறகு காடு பற்றிக் கிடக்கும் பக்கம். அங்கே வேறொரு பயம் இருந்தது. கிட்னி வருத்தம். தொண்ணூறுகளில் வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி பதவியா பக்கத்துக் கமக்காரரிடையே தெரியவந்து, வவுனியாவுக்கும் முல்லைத்தீவின் வெலிஓயாவுக்கும் வந்த வருத்தம். சீனியும் இல்லாமல் பிறசரும் இல்லாமல் சிறுநீரகம் பழுதாகும். வெயிலா, வயல் மருந்தா, கல்லுத் தண்ணியா, எல்லாம் சேர்ந்தா என்று இன்னும் முடிவு காணவில்லை. தெரிகிற நேரம் டயலிசிஸுக்குப் போகிற நேரமாக இருக்கும். அண்ணையின் பக்கத்துக் காணிக்காரர் நாற்பத்தெட்டு வயதில் அப்படிப் போனவர். ஆகவே சலம் சோதிக்க நடமாடும் குழு வந்தபோது, கிளினிக் என்றாலே முகம் திருப்புகிற அண்ணை தானாகவே போகப் புறப்பட்டார். கண்ணால் கண்ட வருத்தத்துக்கு மனுசர் போவார்கள்.

2018 ஆடி. நான் விடுமுறைக்குப் போயிருந்தேன், கூடவே நடந்தேன். பொதுநோக்கு மண்டபத்தில் இருபது முப்பது கமக்காரர். சேறு காயாத கால்கள். பெயர் எழுதிய சின்னப் போத்தல்களோடு மண்டபத்துக்குப் பின்பக்கம் போய் வந்துகொண்டிருந்தார்கள். அண்ணையின் சலத்தில் புரதம் இல்லை. அவர் முகம் தெளிந்தது. "பாத்தியே, ஒண்டுமில்லை" என்று எழும்பினார். "அண்ணை, இதையும் பாத்திட்டுப் போங்கோ" என்று பக்கத்து மேசைத் தாதி கூப்பிட்டா. பிறசர்.

பட்டி இறுகி, காற்று இறங்கியது. தாதி ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் இருக்கச் சொல்லி, மற்றக் கையில் திரும்பப் பார்த்தா. 168க்கு 104. அப்போது அண்ணைக்கு நாற்பத்தேழு.

வெளியே மருதமரத்தின் கீழ் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். துண்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் கதையில்லை.

"அப்பாவுக்கு எவ்வளவு இருந்திருக்கும்?" என்று கேட்டார்.

நான் அந்த ஆவணி மாதத்து வரிசையைப் பற்றி அவருக்குச் சொன்னேன். பவுசரைப் பற்றி, இரண்டு கானைப் பற்றி, அப்பாவுக்கு முன்னால் நின்ற நாலு பேரைப் பற்றி. அந்த இடம் நாங்கள் நின்ற மரத்திலிருந்து நாலைந்து மைல்தான் இருக்கும். அண்ணை என்னைக் குறை சொல்லவில்லை. "நானும்தானே அண்டைக்குப் பவுசரடியில நிண்டனான்" என்றார். பிறகு துண்டை எடுத்து விரித்து, "திங்கக்கிழமை எத்தினை மணிக்குப் போகவேணும் எண்டு இதில எழுதியிருக்கோ பார்" என்று என்னிடம் நீட்டினார்.